வட்டுச் சோதனையை எங்கே நிறுத்துவது?

காலையில் சிஸ்டத்தைப் போட்டால் விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஒரு வரி வந்து நிற்கிறது: இந்த வட்டைச் சோதித்தாக வேண்டும், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள். விநாடிகள் இறங்குகின்றன. தட்டினால் வேலையைத் தொடங்கலாம். தட்டாவிட்டால் சதவீதம் ஊர்ந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என்றைக்கோ ஒருநாள் இப்படி நடந்தால் பெரிதில்லை. தினமும் நடந்தால் அலுவலகத்தின் காலைப்பொழுது அதிலேயே போய்விடுகிறது. 1974இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியில், ஏற்றுமதி முகவர் அலுவலகமானாலும் கடல் உணவு நிறுவனமானாலும் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஆவணம் ஏற்றாமல் ஒரு கன்டெய்னரும் கப்பலேற முடியாது. சரக்கு உள்ளே போகக் கடைசி நேரம் என்று ஒன்று உண்டு. வட்டு சரியாகும்வரை அந்த நேரம் பொறுத்திருக்காது. அதனால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு, இதை நிறுத்திக் கொடுங்கள் என்கிறார்கள். அவரும் ஒற்றை வரிக் கட்டளையில் நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போகிறார். கணினி தொடங்கும் நேரத்திலிருந்து இந்தச் சோதனையை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அது ஏன் தினமும் வருகிறது என்று கண்டறிந்து, வேறொரு நேரத்தில் அது நடக்க வழிசெய்த பிறகுதான் அந்த ஒற்றை வரிக் கட்டளைக்கு இடம் கொடுக்க வேண்டும். இன்று பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

சோதனை எதைச் சோதிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வட்டில் கோப்புகள் மட்டும் கிடப்பதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி, எது எந்தக் கோப்புறைக்குள் அடங்கும் என்று ஒரு கணக்குப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது இந்தக் கணக்கில் பல இடங்களில் பதிவு மாற வேண்டும். பாதியில் கரண்ட் போனால் சில பதிவுகள் மாறியிருக்கும், சில மாறியிருக்காது. பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் காலத்திலேயே இந்த முரண்களைத் தேடித் திருத்த எஃப்எஸ்செக் என்ற நிரல் எழுதப்பட்டது. வீட்டுக் கணினிக்கு விண்டோஸ் 95இன் 1996ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்கேன்டிஸ்க் தானாக ஓடத் தொடங்கியது; ஒழுங்காக நிறுத்தாமல் அணைத்தால் அடுத்த முறை சோதனை கட்டாயம். இந்த நிலைமையை மாற்றியது குறிப்பேட்டு முறை. 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ், 2001இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3 ஆகிய கோப்பு அமைப்புகள் கணக்கில் எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றன. கரண்ட் போய் வந்தால் குறிப்பேட்டைப் படித்து, பாதியில் நின்றதை முடிக்கவோ கைவிடவோ செய்து, சில விநாடிகளில் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. முழு வட்டையும் துழாவ வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 இன்னும் ஒரு படி போனது: கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையைத் தேடிக் குறித்து வைத்துக்கொள்கிறது, தொடக்கத்தில் அந்தக் குறிப்பிட்ட இடங்களை மட்டும் திருத்துகிறது.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்டிஎஃப்எஸ் வட்டுள்ள கணினியில் கரண்ட் போனது மட்டுமே தொடக்கச் சோதனைக்குக் காரணமாகிவிடாது. கணக்கில் உண்மையான முரண் ஒன்றைக் கண்டால்தான் அது வட்டின் மேல் ஓர் அடையாளத்தை இடுகிறது. அடுத்த தொடக்கத்தில் ஆட்டோசெக் என்ற சிறு நிரல் அந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டுச் சோதனையில் இறங்குகிறது. சோதனை முடிந்து எல்லாம் சரியானால் அடையாளம் அழிந்துவிடும். தினமும் சோதனை வருகிறதென்றால், யாரோ ஒவ்வொரு முறையும் விசையைத் தட்டி அதை முடிய விடாமல் செய்கிறார்கள். இல்லையென்றால் சோதனை முடிந்தும் பிழையைத் திருத்த முடியவில்லை. அதுவும் இல்லையென்றால் திருத்திய பிறகு புதிதாகப் பிழை உண்டாகிக்கொண்டே இருக்கிறது. சர்வீஸ் ஆள் போடும் செக்என்டிஎஃப்எஸ் கட்டளை இந்த மூன்றில் ஒன்றையும் தொடுவதில்லை. குறிப்பிட்ட வட்டைத் தொடக்கத்தில் பார்க்காதே என்று ஆட்டோசெக்குக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். வட்டின் மேலுள்ள அடையாளம் அப்படியே இருக்கிறது; எஃப்எஸ்யுடில் கட்டளையைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தால் வட்டு இன்னும் அழுக்காகத்தான் இருப்பதாகப் பதில் வரும். முரண்பட்ட கணக்கின் மேலேயே புதிய கோப்புகள் தினமும் எழுதப்படுகின்றன. இரண்டு கோப்புகள் ஒரே இடத்தை உரிமை கொண்டாடும் நிலை வந்தால், ஒன்றைச் சேமிக்கும்போது மற்றொன்று அழிகிறது. அழிந்தது எந்த மாதத்து இன்வாய்ஸ் என்பது தணிக்கையின்போதுதான் தெரியவரும்.

இந்தக் கரையில் பிழை திரும்பத் திரும்ப உண்டாவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. முதலில் மின்சாரம். ஊரிலேயே 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம் இருந்தும், 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தென்மாவட்டங்கள் பட்ட மின்வெட்டு இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாள்கள் இருந்தன. அந்தக் காலத்தில் வாங்கிய யு.பி.எஸ்.களும் இன்வெர்ட்டர்களும் இன்றும் பல மேசைகளுக்கு அடியில் இருக்கின்றன. யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் செத்துவிடும். பெட்டி மட்டும் விளக்கெரிந்துகொண்டு உயிரோடு இருப்பதுபோல் காட்டும். கரண்ட் போன கணமே கணினியும் போகும். இன்வெர்ட்டரை யு.பி.எஸ். நிலையில் வைக்காமல் சாதாரண நிலையில் விட்டால் மாறும் இடைவெளி நீண்டுவிடும். விளக்கு ஒருமுறை கண்சிமிட்டும், கணினியோ ரீஸ்டார்ட் ஆகிவிடும். வட்டோ தன் சிறு நினைவகத்தில் வாங்கி வைத்ததையெல்லாம் எழுதிவிட்டதாகக் கணினியிடம் முன்பே சொல்லியிருக்கும். உண்மையில் எழுதுவதற்குள் கரண்ட் போனால் குறிப்பேட்டையும் முழுதாக நம்ப முடியாது. மின்வெட்டு குறைந்துவிட்ட இந்த நாளிலும் பராமரிப்புப் பணிக்காக மாதம் ஒருநாள் மின்தடை அறிவிப்பு வருகிறது. செத்த பேட்டரிக்கு அந்த ஒருநாள் போதும்.

இரண்டாவது காரணம் காற்று. உப்பளங்கள் சூழ்ந்த ஊர் இது. காற்றில் மிதக்கும் உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைடு செம்பை அரிக்கும். வட்டையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளின் முனையில் தங்கப்பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளை வழியே அடியிலுள்ள உலோகம் பச்சை பிடிக்கத் தொடங்கினால் வட்டு நன்றாக இருந்தும் தகவல் வழியில் சிதைகிறது. இதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. ஒவ்வொரு வட்டும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல் அதைத் திறந்து காட்டும். அதில் 199ஆம் எண் ஏறிக்கொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் கேபிளிலும் முனையிலும்தான். கேபிளை மாற்றினால் தீர்ந்தது. 5, 197 ஆகிய எண்கள் ஏறினால் வட்டின் மேற்பரப்பே கெட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வட்டுக்கு இனிச் சோதனை எதுவும் உதவாது, தகவலை நகலெடுத்துவிட்டு வட்டை மாற்ற வேண்டியதுதான். மூன்று எண்களைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சோதனையை நிறுத்தும் கட்டளையைத் தட்டுவதற்கு முன் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாதவர் நோயாளியின் நாடியைத் தொடாமல் மருந்து எழுதுகிறவர்.

மூன்றாவது காரணம் மிகச் சிறியது, ஆனால் அதிகம் ஏமாற்றுவது. மதர்போர்டில் காசளவில் ஒரு பேட்டரி இருக்கிறது; கணினியின் கடிகாரம் அதை நம்பித்தான் ஓடுகிறது. சுவிட்ச் போட்டிருக்கும்வரை பேட்டரி செத்திருந்தாலும் தெரியாது. நம் ஊர் அலுவலகங்களில் இரவு பூட்டும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போவது வழக்கம். மறுநாள் காலை கணினி பல ஆண்டுகள் பின்னால் போய் விழித்துக்கொள்ளும். லினக்ஸ் கணினியில் இது நேரடியாகச் சோதனையைக் கொண்டுவரும்: வட்டின் கணக்கில் கடைசியாக எழுதிய நேரம் எதிர்காலத்தில் இருப்பதாகப் பட்டு, ஏதோ தவறென்று எஃப்எஸ்செக் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் இது ஏட்டளவிலான கவலை இல்லை. 2006–07 வாக்கில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது மாநில அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸின் பக்கம் திரும்பியது. 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. எக்ஸ்ட்3இன் அன்றைய இயல்புநிலையில், இருபதிலிருந்து நாற்பது தொடக்கங்களுக்கு ஒருமுறையோ 180 நாளுக்கு ஒருமுறையோ பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுச் சோதனை நடக்கும். தினமும் அணைத்துப் போடும் கணினிக்கு அது கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை. தேதி குழம்பியதா, எண்ணிக்கை முடிந்ததா, வட்டு கெட்டதா என்று மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தொல்லையாகக் கருதியதுதான் தவறு. செத்த பேட்டரியை மாற்றினால் வட்டுச் சோதனையோடு, தேதி தவறியதால் அரசுத் தளங்கள் திறக்க மறுத்த தொல்லையும் சேர்ந்தே போய்விடும்.

எண்ணிக்கை வைத்து நடக்கும் அந்தச் சோதனையை லினக்ஸ் உருவாக்குநர்களே பின்னர் கைவிட்டார்கள் என்பது என் வாதத்துக்கு எதிரானதுபோல் தோன்றும். 2011இல் வந்த இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.42 பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கும் வட்டுகளுக்கு எண்ணிக்கைச் சோதனையும் நாள்கணக்குச் சோதனையும் இயல்பாகவே அணைந்திருக்கின்றன. எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு லினக்ஸ் கோப்பு அமைப்பு இன்னும் ஒரு படி மேலே: அதன் தொடக்கச் சோதனை நிரல் எதையும் செய்யாமல், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வெளியேறுவதற்காகவே எழுதப்பட்டது. ஆக, வல்லுநர்களே நிறுத்தியதை நாமும் நிறுத்தினால் என்ன? அவர்கள் நிறுத்தியது எந்தச் சோதனையை என்று பார்க்க வேண்டும். பிழை இருப்பதற்கு எந்த அறிகுறியும் இல்லாமல் நாள் வந்துவிட்டது என்பதற்காக ஓடிய சோதனையைத்தான் எடுத்தார்கள். முரண் கண்டதாகக் குறி இருந்தால் எக்ஸ்ட்3க்கு அடுத்து வந்த எக்ஸ்ட்4 இன்றும் தொடக்கத்தில் சோதிக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் குறிப்பேட்டைப் படித்துப் பார்த்துச் சரிப்படாவிட்டால் வட்டைத் திறக்கவே மறுக்கிறது. கையால் பழுதுபார்க்கச் சொல்கிறது. அவர்கள் செய்தது சோதனையைத் தொடக்கத்திலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்தியதே தவிர, ஒழித்ததில்லை.

இப்படி நகர்த்துவது இந்தக் கரைக்குப் பழகிய வேலைமுறை. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளியாட்கள் படகேறும் காலையில் யாரும் சிப்பி வளரும் பாரைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை. குளிப்புப் பருவத்துக்கு முன்னரே ஆய்வுக் குழு கடலுக்குப் போய், ஆளை இறக்கி, எந்தப் பாரில் சிப்பி இருக்கிறது, எத்தனை வயதுடையது, எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துவிடும். மாதிரிக்கு எடுத்த சிப்பியை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகுதான் சலாபம் உண்டா இல்லையா என்பது அறிவிக்கப்படும். சென்னை மாகாணத்தில் முத்து, சங்குக் குளிப்பைக் கவனித்த ஜேம்ஸ் ஹார்னெல் போன்றவர்கள் இந்த ஆய்வுகளை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் ஆய்வு நடந்தும் குளிப்பு நடக்காமல் போனதுண்டு. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு பார்கள் தேறவில்லை என்று சொன்னதும் இதே ஆய்வுதான். ஒவ்வோர் ஆண்டும் கெட்ட செய்தியே வருகிறதென்று ஆய்வை நிறுத்தியிருந்தால் சிப்பி பெருகியிருக்காது. படகுகளும் வியாபாரிகளும் வெறும் பாருக்கு வந்து நஷ்டப்பட்டிருப்பார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். நேரம் போகிறது என்பது நியாயமான மறுப்பு. அதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கக்கூடாது. விநாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் பழைய வட்டில் ஒரு டெராபைட்டின் மேற்பரப்பு முழுவதையும் படித்து முடிக்கவே இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். இடையில் கெட்ட இடங்கள் தட்டுப்பட்டால் நாள் முழுவதும் போகலாம். காலை ஒன்பது மணிக்கு இது நடக்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதே வேலையைச் சனிக்கிழமை மாலை கடையைப் பூட்டும்போது தொடங்கிவிட்டுப் போகலாம். விண்டோஸ் 8க்குப் பிந்தைய கணினியானால் ஸ்கேன் கட்டளையை வேலை நடக்கும்போதே பின்னணியில் ஓட விடலாம். நேரம் போகிறது என்பது எப்போது சோதிப்பது என்ற கேள்விக்கான காரணம். சோதிக்கவே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

சோதனையே கெடுதல் செய்யும் என்பது அதைவிட வலுவான மறுப்பு. அதில் உண்மையும் இருக்கிறது. செத்துக்கொண்டிருக்கும் வட்டில் முழு மேற்பரப்புச் சோதனையைப் போட்டால், தகவலை நகலெடுக்க மிச்சமிருந்த ஓட்டமும் அதிலேயே தீர்ந்துபோகும். விண்டோஸின் சோதனை நிரலான செக்டிஸ்க் உங்கள் கோப்பைக் காப்பாற்றுவதற்காக எழுதப்படவில்லை. கணக்கு ஒத்துவருவதற்காக எழுதப்பட்டது. ஒத்துவராத கோப்பைத் துண்டு துண்டாக்கி எண்ணிட்ட பெயரில் ஒரு கோப்புறையில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். 2020 டிசம்பரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்றுக்குப் பிறகு செக்டிஸ்க் ஓட்டிய சில கணினிகளில் கோப்பு அமைப்பே சேதமாகித் தொடங்க மறுத்ததை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்பதால்தான் வரிசை முக்கியம் என்கிறேன்: முதலில் நகல், பிறகு ஸ்மார்ட் எண்கள், பிறகே சோதனை. தினமும் தொடக்கத்தில் தானாக ஓடும் சோதனை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. யாரும் நகலெடுக்கும் முன்னரே திருத்தத் தொடங்கிவிடுகிறது. தொடக்கத்திலிருந்து அதை எடுக்க வேண்டும் என்பதற்கு, நேரத்தைக் காட்டிலும் பெரிய காரணம் இதுவே.

எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஊசி தேய்வதில்லை, வேகம் அதிகம், சோதனை நிமிடங்களில் முடியும், இவையெல்லாம் சரி. மின்தடையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. 2013இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் எச்.பி. ஆய்வகமும் சேர்ந்து 15 எஸ்.எஸ்.டி.களைத் திடீரென்று மின்சாரம் துண்டித்துச் சோதித்தபோது 13 ஏதோ ஒரு வகையில் பிழை காட்டின. சுழலும் வட்டில் கெட்டது ஒரு பகுதியாக இருக்கும், எஸ்.எஸ்.டி.யில் உள்கணக்கே குலைந்தால் மொத்தமும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். நல்ல யு.பி.எஸ். இல்லாமல் மலிவான எஸ்.எஸ்.டி.யை மட்டும் மாற்றியவர் தொல்லையைத் தள்ளிப்போட்டிருக்கிறார், அவ்வளவே.

பேக்கப் இருக்கிறதே, வட்டு கெட்டால் கெட்டுப்போகட்டும் என்ற வாதம் எல்லாவற்றையும்விடச் சிறந்தது. கிட்டத்தட்ட என்னை வென்றுவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே தண்ணீரில் நின்றபோது, தரைத்தளக் கணினியைக் காப்பாற்ற எந்த வட்டுச் சோதனையாலும் முடிந்திருக்காது. வேறு ஊரிலோ கிளவுடிலோ இருந்த நகல்தான் கைகொடுத்திருக்கும். ஆனாலும் நகலுக்கு ஒரு பலவீனம் உண்டு: மூலத்தில் இருப்பதையே அது எடுக்கும். லட்சுமி பைரவசுந்தரமும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதம் கவனித்தபோது, வட்டு தானாகப் பிழை சொல்லாமலே தகவல் மாறிப்போன நிகழ்வுகள் நான்கு லட்சத்துக்கு மேல் பதிவாயின. அப்படிச் சத்தமில்லாமல் சிதைந்த கோப்பு ஒவ்வொரு வாரமும் நல்ல நகலின் மேல் ஏறி உட்காரும். மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போது மூலமும் கெட்டிருக்கும், நகலும் கெட்டிருக்கும். கோப்பின் உள்ளே நடந்த சிதைவைச் சோதனை காட்டாது; ஆனால் வட்டின் கணக்கு எந்தத் தேதிவரை சரியாக இருந்தது என்பது சோதனை இருந்தால்தான் தெரியும்.

இவ்வளவும் ஒத்துக்கொண்டால், தொடக்கச் சோதனையை நிறுத்துவது எப்போது சரி என்பதற்கு விடை சிக்கலில்லாமல் கிடைக்கிறது. நகல் எடுத்தாயிற்று, ஸ்மார்ட் எண்கள் நகரவில்லை, கேபிளும் காசு பேட்டரியும் மாற்றியாயிற்று, யு.பி.எஸ். பத்து நிமிடமாவது தாங்குகிறது, ஒருமுறை முழுச் சோதனையும் தடையில்லாமல் முடிந்தது என்றால், பெரும்பாலான கணினிகளில் தொல்லை தானாகவே நின்றிருக்கும். எந்தக் கட்டளையும் தேவைப்படாது. இதற்குப் பிறகும் வருகிறதென்றால், விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, ஒன்று அரைத்தூக்கத்தில் விட்ட வட்டில் மற்றொன்று எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தால் பெரும்பாலும் அது தீரும். அதற்கும் மிஞ்சினால்தான் விண்டோஸில் செக்என்டிஎஃப்எஸ்ஸோ லினக்ஸில் டியூன்2எஃப்எஸ்ஸோ. அப்போதும் வாராந்தரச் சோதனையை டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டு, அதன் முடிவை நிகழ்வுப் பதிவில் பார்க்க ஓர் ஆளை நியமித்துவிட்டு.

அந்த ஆள் யார் என்பதில்தான் எல்லாம் சிக்குகிறது. சிறு அலுவலகத்தில் கணினிக்கென்று தனி ஊழியர் இருப்பதில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த சர்வீஸ் கடைதான் எல்லாம். அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் கூப்பிட்டால் வருவோம் என்ற ஒரே வாக்குறுதிதான் இருக்கும். கூப்பிடும்போது வாடிக்கையாளர் கேட்பது சோதனையை நிறுத்து என்பதுதான். ஆகவே கடைக்காரர் அதைச் செய்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நான்கு வரி சேர்த்தால் போதும்: மாதம் ஒருமுறை ஒவ்வொரு கணினியின் 5, 197, 199 எண்களை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் கேபிள் முனைகளைத் துடைக்க வேண்டும். எந்தக் கணினியிலாவது தொடக்கச் சோதனையை அணைத்தால் அதன் தேதியும் காரணமும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். கூடுதலாக ஒரு தொகை கேட்பார்கள். ஒரு கன்டெய்னர் ஒருநாள் தாமதமானால் கட்டும் வாடகையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம்.